மாதாவைக் கும்பிடுகிறோமா?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெந்தெகொஸ்தே சகோதரர், "நீங்கள் மரியாளைக் கும்பிடுகிறீர்கள், அது விக்கிரக ஆராதனை" என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் இந்து நண்பரோ, "எங்களுக்கு மாரியம்மா, உங்களுக்கு மேரியம்மா, எல்லாம் ஒன்றுதானே" என்கிறார். இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாதா பக்தியை நாம் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீருமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் கத்தோலிக்கர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதும் இல்லை.

"நாங்கள் மாதாவை ஆராதிக்கவில்லை, வணக்கம்தான் செலுத்துகிறோம்" என்பது அந்தப் பதில். அது உண்மைதான். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, காட்டும் மரியாதை அந்தச் சுரூபம் குறிக்கும் ஆளுக்குப் போய்ச் சேர்கிறது என்று 787-ஆம் ஆண்டிலேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. சங்கத்தார் பேசிய கிரேக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. நம் பேச்சில் அப்படியா இருக்கிறது? கோயிலுக்குப் போகிறோம் என்கிறோம். பூசை காண்கிறோம் என்கிறோம். மாதாவைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். வழியில் ஊர்ப் பெரியவரைப் பார்த்தால் அவருக்கும் ஒரு கும்பிடு போடுகிறோம். இதில் எந்தக் கும்பிடு எந்த வகை என்று பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? அவர் படித்து வளர்ந்த வேதாகமத்தில் "அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக" (மத்தேயு 4:10) என்று இருக்கிறது. மாதா சுரூபம் வைத்த நம் கெபி முன்னால் முழந்தாள், மெழுகுவர்த்தி, பூமாலை, பட்டுப்புடவை எல்லாவற்றையும் பார்க்கிறார். கண்ணில் படுவதைச் சொல்கிறார். அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

வித்தியாசம் கையில் இல்லை, கேட்கிற வார்த்தையில் இருக்கிறது. ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லும் மாதா பிரார்த்தனையை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பிதாவையும் சுதனையும் பரிசுத்த ஆவியையும் அழைக்கும்போது, "எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி" என்கிறோம். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கியதும் பதில் மாறிவிடுகிறது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அதன்பின் அவருக்கு எத்தனை பட்டங்கள் வந்தாலும், விடியற்காலத்தின் நட்சத்திரமே என்றாலும் பரலோகத்தினுடைய வாசலே என்றாலும், அந்த ஒரு வரிதான். இரட்சியும் என்று அங்கே ஒருமுறைகூட மாதாவிடம் கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி இந்த இரண்டு பதில்களையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது அவர் நாக்கிலேயே இருந்தது.

"மத்தியஸ்தர் ஒருவரே" (1 தீமோத்தேயு 2:5) என்ற வசனத்தை உங்கள் சகோதரர் கட்டாயம் எடுப்பார். எடுக்கட்டும், நாமும் அதை அப்படியே நம்புகிறோம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்று பவுல் அங்கே கேட்கிறார். "எனக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்று அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பதும் இதுதான். அப்படிக் கேட்பதால் பாஸ்டர் இரண்டாவது மத்தியஸ்தர் ஆகிவிடுவதில்லை. "பாஸ்டர் உயிரோடு இருக்கிறார், மரியாள் இறந்துவிட்டாரே" என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அங்கேதான் நமக்கும் அவருக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. கடவுள் மரித்தோரின் தேவன் அல்ல, ஜீவனுள்ளோரின் தேவன் என்று இயேசு சொன்னதை வைத்து (லூக்கா 20:38), இறந்த புனிதர்களும் நமக்காக மன்றாடுகிறார்கள் என்று நாம் நம்புகிறோம். அவர் அதை ஏற்பதில்லை. இதை மழுப்பாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். விக்கிரகம் என்ற சண்டையைவிட இது நேர்மையான பேச்சு.

மாதாவுக்கு எல்லை தாண்டிய இடம் கொடுக்கக் கூடாது என்று முதலில் சொன்னது பெந்தெகொஸ்தே சபையார் அல்ல, நம் திருச்சபைதான். நான்காம் நூற்றாண்டில் அரேபியாவில் சில பெண்கள் மாதாவுக்கு அப்பம் படைத்து வழிபடுவதாகக் கேள்விப்பட்ட சாலமிஸ் ஆயர் எப்பிபானியுஸ், மரியாள் மதிக்கப்படட்டும், ஆராதனை பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கே உரியது என்று கண்டித்து எழுதினார். நம் காலத்துக்கு வந்தால், 1963 அக்டோபர் 29 அன்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மாதாவைப் பற்றித் தனி ஏடு (சங்க ஆவணம்) வேண்டும் என்றவர்கள் 1,074 பேர். திருச்சபை பற்றிய ஏட்டுக்குள்ளேயே அவரை வைத்துப் பேச வேண்டும் என்றவர்கள் 1,114 பேர். வெறும் 40 வாக்கு வித்தியாசம்! மாதாவை நம்மில் ஒருவராக, நமக்கு முன்னால் நடக்கும் விசுவாசியாகப் பார்ப்பது என்று அன்று முடிவாயிற்று. 2025 நவம்பர் 4 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, திருத்தந்தை பதினான்காம் லியோவின் ஒப்புதலோடு, 'இணை மீட்பர்' என்ற பட்டத்தை மாதாவுக்குச் சூட்டுவது பொருத்தமல்ல என்று எழுதிவிட்டது. மீட்பர் ஒருவரே என்பது மறைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அதைப் படித்து நம்மில் சிலர் மனம் நொந்தார்கள். நான் மகிழ்ந்தேன்.

சரி, உங்கள் இந்து நண்பர். மாரி என்பது மழை, மரியா என்பது எபிரேயத்தின் மிரியாம். ஓசைதான் ஒன்று. அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. புடவை, மொட்டை, தொட்டில், தேர், கொடியேற்றம் எல்லாம் நாம் இந்த மண்ணின் மக்களாக இருந்து எடுத்துக்கொண்டவை. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்குத் தமிழ்ப்பெண் கோலம் கொடுத்தார், பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். பக்கத்திலேயே விருத்தாசலத்தில் கோயில் கொண்டிருக்கும் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். உங்கள் ஊர் பனிமய மாதாவின் தங்கத் தேரைப் பார்க்கிற வெளியூர் இந்துவுக்குத் தன் ஊர்த் தேர் நினைவுக்கு வரத்தான் செய்யும். அம்மன் தானே சக்தி, தானே வரம் தருபவள் என்பது உங்கள் நண்பரின் நம்பிக்கை. நம் மாதா நாசரேத்து ஏழைப்பெண், தாமாக எதையும் தருபவர் அல்லர், மகனிடம் கேட்பவர். இதை ஒருமுறை அன்போடு சொல்லுங்கள், அது போதும். அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதைத் தடுக்கவும் வேண்டாம், அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சோதிக்கவும் வேண்டாம். அங்கே பிற மதத்தவர் வருவதை மதக் கலப்பாகப் பார்க்கக் கூடாது என்று 2024-இல் தஞ்சை ஆயருக்கு அனுப்பிய கடிதத்தில் வத்திக்கானே சொல்லியிருக்கிறது. குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். இஸ்லாமியத் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். மாதாவின் வாசலில் நாம் காவல்காரர்கள் இல்லை.

அப்புறம், நம் வீட்டுக் குறை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பாதிதான். ஒரு திருத்தலத்தில் சுரூபத்தைத் தொட இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். பத்தடி தள்ளி, இயேசுவே அப்ப வடிவில் இருப்பதாக நாம் நம்பும் நற்கருணைச் சிற்றாலயத்தில் ஒரே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். என்னோடு வரிசையில் நின்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும்தான். "இந்த ஜெபத்தை 12 பேருக்கு அனுப்பாவிட்டால் மாதா கோபிப்பார்" என்று என் செல்போனுக்கு வருகிற செய்திகள் எல்லாம் கத்தோலிக்கர்கள் அனுப்பியவை. இயேசு தண்டிப்பார், மாதா தடுத்து நிறுத்துவார் என்று நவநாள் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நமக்காகச் சிலுவையில் தொங்கியவரைப் பற்றி இப்படிப் பேசலாமா? வேற்று சபையார் நம்மைத் தவறாகப் புரிந்துகொள்ளும்படி எதையும் சொல்லாதீர்கள், செய்யாதீர்கள் என்று திருச்சபை பற்றிய அந்த வத்திக்கான் சங்க ஏட்டின் 67-ஆம் எண் நமக்குத்தான் கட்டளையிடுகிறது. பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் பிரச்சினை என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

எனவே பக்தியைக் குறைக்காதீர்கள், ஒழுங்குபடுத்துங்கள். திருப்பலி முடியுமுன்னே கெபிக்கு ஓடாதீர்கள். ஜெபமாலையில் மணிகளை எண்ணும்போது அந்தந்த மறைபொருளில், அதாவது அப்போது தியானிக்கும் நிகழ்ச்சியில், இயேசுவுக்கு என்ன நடக்கிறது என்று யோசியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாலை அந்தச் சகோதரரைப் பிரார்த்தனைக்கு அழையுங்கள். முழந்தாளிட வேண்டாம், பின்னால் உட்கார்ந்து கேட்டால் போதும். "இரட்சியும்" எங்கே முடிகிறது, "வேண்டிக்கொள்ளும்" எங்கே தொடங்குகிறது என்று அவர் காதாலேயே கேட்கட்டும்.