நாலு மணிக்கு மாடி ஏறுங்கள்

சென்ற இதழில் பழங்களை வீட்டிலேயே உலர்த்தித் தின்பண்டம் செய்வது பற்றி நாலே நாலு வரிதான் எழுதினேன். பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே புகார், "காயவே மாட்டேன் என்கிறது" என்று. சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

*அக்கா, மாம்பழத்தை அடித்துச் சர்க்கரை சேர்த்துத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தேன். மூன்று பகல், மூன்று இரவு எடுக்கவே இல்லை. நாலாம் நாள் பார்த்தால் ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சை. என் அம்மா வீடு மேலூர்ப் பக்கம். அங்கே இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடுகிறது. நம் ஊர் வெயில் போதாதா?*
— வாசகி, தங்கச்சிமடம்

வெயிலில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. "மூன்று இரவு" என்று எழுதியிருக்கிறீர்களே, தப்பு அங்கேதான். நம் வீடுகளில் உப்பு டப்பாவை ராத்திரி திறந்து வைத்தால் காலையில் கசிந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். சர்க்கரையும் அதே குணம்தான், பழத்தில் இருப்பதோ முக்கால்வாசி தண்ணீரும் மீதி பெரும்பாலும் சர்க்கரையும். பகல் முழுக்க வெயில் இழுத்த ஈரத்தை, பொழுது இறங்கிக் காற்று குளிர்ந்ததும் அந்தத் தட்டு கடல் காற்றிலிருந்து திரும்பக் குடித்துக்கொள்கிறது. மேலூரில் கடல் இல்லை, அதனால் உங்கள் அம்மா தட்டை மாடியில் மறந்து விட்டாலும் அவ்வளவாக மோசம் போகாது. நாம் மறந்தால் போச்சு. நான் கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த முதல் வருஷம் நாலு கிலோ செந்தூர மாம்பழத்தை இப்படித்தான் குப்பையில் கொட்டினேன், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி இப்படிச் செய்யுங்கள். நன்றாகப் பழுத்த பழம் ஒரு கிலோ எடுத்து, தோலும் கொட்டையும் நீக்கி அடித்து, நார் இருந்தால் வடிகட்டுங்கள். கல்லாமை மாதிரி மலிவான பழமே இதற்குப் போதும். அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, வேண்டுமானால் ஒரு கைப்பிடி சர்க்கரை சேர்த்து, கரண்டியில் எடுத்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் மொத்தையாக விழும் பதம் வரும்வரை கிளறுங்கள். இந்தக் கிளறலைத் தவிர்க்கவே வேண்டாம், பாதி ஈரம் அடுப்பிலேயே போய்விடும், கிருமியும் சாகும், நிறமும் கருக்காது. அப்புறம் எவர்சில்வர் தட்டில் துளி நெய் தடவி, இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கினால் என்ன கனமோ அந்த அளவுக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம், புளிப்புப் பட்டால் பழத்தில் ஒரு உலோக வாடை ஏறும்.

காலை ஒன்பதரை, பத்துக்கு, மாடித் தரையின் ஈரம் காய்ந்த பிறகு வையுங்கள். மேலே கொசுவலைத் துணி. சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் இன்னும் சூடாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் காயட்டுமே" என்று ஆறு மணி வரை விட்டால் அந்த நாள் வீண். எடுத்த தட்டை ஆறவிட்டு, மூடியுள்ள அண்டாவில் வைத்து இறுக்கமாக மூடிவிடுங்கள். மறுநாள் திரும்ப மாடி. இரண்டாம் நாள் ஓரம் தானாகத் தட்டை விட்டுக் கிளம்பும், அப்போது மொத்தமாகப் பெயர்த்துத் திருப்பிப் போடுங்கள். விரலால் அழுத்தினால் ஒட்டக்கூடாது, மடித்தால் உடையவும் கூடாது, அதுதான் பதம். ஆந்திரக்காரர்களின் மாமிடி தாண்ட்ரா போலக் கனமாக வேண்டுமென்றால், முதல் அடுக்கு காய்ந்த பிறகே அதன் மேல் அடுத்த அடுக்கைப் பூசுங்கள். ஒரே நாளில் கனமாக ஊற்றினால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

பூஞ்சை வந்த தட்டைச் சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, ஈரமான பண்டத்தில் உள்ளேயும் ஓடியிருக்கும். பிள்ளைகள் தின்னும் பொருள், மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

*லாத்தா, வாழைப்பழம் வட்டமாக நறுக்கிக் காயவைத்தால் கறுத்துப் போகிறது. கடையில் விற்பது வெளுப்பாக இருக்கிறதே?*
— வாசகி, கீழக்கரை

நறுக்கிய வாழைப்பழம் காற்றுப் பட்டால் கறுப்பது அதன் இயல்பு, ஆப்பிள் கறுப்பது மாதிரிதான். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்து, நறுக்க நறுக்க அதிலேயே போட்டு, ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துத் துணியில் ஒற்றிக் காயவையுங்கள். ஓரளவு பழுப்பு அப்படியும் வரும், வரட்டும், ருசிக்குக் குறைவில்லை. கடைப் பழங்கள் சிலவற்றில் நிறம் மாறாமல் இருக்கக் கந்தகப் புகையோ அந்த வகை உப்போ சேர்த்திருப்பார்கள், பளீரென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட் அப்படி வருவதுதான். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பழத்துக்கு என் ஓட்டு கற்பூரவள்ளிக்கு. தோல் கறுக்கத் தொடங்கும்வரை பழுக்கவிட்டு, நீளவாக்கில் இரண்டாகக் கீறிக் காயவைத்தால் தேன் மாதிரி இழுபடும், நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தோடு இதையும் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள்.

*எங்கள் மாடியில் நெத்திலியும் சூடையும் எப்போதும் காயும். அம்மாவுக்கு அங்கேயே பழம் காயவைக்க ஆசை. வாடை ஏறுமா?*
— வாசகர், மண்டபம்

ஏறும் தம்பி, கட்டாயம் ஏறும். ஈரப் பழம் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். அதைவிடக் கவலை ஈ. மீனில் உட்கார்ந்த ஈ அடுத்த நொடி பழத்தில் உட்காரும். முடிந்தால் மீன் காயாத வாரத்தில் பழத்தை வையுங்கள். முடியாது, அதுதான் பிழைப்பு என்றால் காற்றைப் பார்த்து இடம் பிரியுங்கள். மாம்பழக் காலத்தில் நம் பக்கம் கச்சான்தானே, தென்மேற்கிலிருந்து வரும் காற்றுதானே அடிக்கிறது, அதனால் மாடியின் தென்மேற்கு மூலையில் பழம், வடகிழக்கு மூலையில் மீன். காற்று பழத்தைத் தொட்டுவிட்டு மீனுக்குப் போகட்டும். பாய், வலை, கத்தி எல்லாம் தனித்தனி, மீன் பாயை எத்தனை முறை அலசினாலும் பழத்துக்கு எடுக்காதீர்கள். கச்சான் மணலையும் வாரிக்கொண்டு வரும் என்பதால் தட்டைத் தரையில் வைக்காமல் கட்டில் மேலோ, இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பலகை போட்டோ உயரத்தில் வையுங்கள்.

*பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற இலந்தை வடையை வீட்டில் செய்ய முடியுமா? என் மகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.*
— வாசகி, சாயல்குடி

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முடியும், செய்தே ஆக வேண்டும். நம் கரிசல் காட்டு இலந்தைக்கு இணையான பழம் எந்தக் கடையிலும் கிடையாது. பெரிய ஆப்பிள் இலந்தை வேண்டாம், அதில் புளிப்பே இல்லை. தை, மாசியில் கூடையில் வரும் சின்ன நாட்டுப் பழம்தான் வேண்டும், தோல் சுருங்கிச் செம்மண் நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோவுக்குக் கால் கிலோ வெல்லம், எட்டுப் பத்து முண்டு மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி, கல் உப்பு, கொஞ்சம் பெருங்காயம். மிளகாய் நம் ராமநாதபுரம் முண்டாகவே இருக்கட்டும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, காரத்தோடு நல்ல நிறமும் தரும்.

முதல் வேலை புழு பார்ப்பது. ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிதுக்கிப் பாருங்கள், கொட்டையை ஒட்டிக் கறுப்புத் தூள் தெரிந்தால் அது வேண்டாம். சோம்பல் படாதீர்கள், ஒன்று கலந்தாலும் மொத்தமும் கசக்கும். அப்புறம் உரலில் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்துவிட்டுப் பழத்தைப் போடுங்கள். எங்கள் அப்பத்தா இடிக்கும்போது முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வார், நாங்கள் தும்மிக்கொண்டே சுற்றி உட்கார்ந்திருப்போம். உலக்கை மேலே போகும்போது அதன் பூணில் ஒட்டிய விழுதைச் சுண்டு விரலால் வழித்து நக்குவதற்குத்தான் அத்தனை போட்டியும். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும், ஒன்றிரண்டாக நசுங்கினால்தான் வடை வடையாக இருக்கும். கடைசியில் வெல்லமும் புளியும் பெருங்காயமும் சேர்த்து இடித்து, உள்ளங்கையில் தட்டிப் பனையோலைப் பாயில் இரண்டு மூன்று நாள், அதே நாலு மணிக் கணக்கில் காயவையுங்கள். பழைய பழக்கத்தில் கொட்டையோடுதான் இடிப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு என்றால் கொட்டையை எடுத்துவிடுங்கள், தொண்டையில் மாட்டும்.

*பனம்பழத்தைக் காயவைக்கும் வழக்கம் உண்டா?*
— வாசகர், தேவிபட்டினம்

உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் அதற்குப் பனாட்டு என்று பெயர், பாணியில், அதாவது பனைப் பாகில் ஊறவைத்தால் பாணிப் பனாட்டு. நம் பக்கம் பனம்பழத்தைச் சுட்டும் அவித்தும் தின்று முடித்துவிடுகிறோம், எனக்கு அதில் வருத்தம்தான். ஆவணி, புரட்டாசியில் காலையில் விழுந்த பழத்தை அன்றைக்கே எடுங்கள், ஒரு ராத்திரி கிடந்தால் வண்டு ஏறிவிடும். கழுவித் தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து நாரிலிருந்து பிசைந்து எடுத்து, துணியில் வடிகட்டி, பாயில் மெல்லிசாகப் பூசுங்கள். காயக் காய மேலே மேலே பூச வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இலேசான கசப்பு இருக்கும், அது பழத்தின் சொந்தக் கசப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அதற்கப்புறம் வெயிலை நம்ப முடியாது.

*நன்றாகக் காய்ந்ததைத்தான் பாட்டிலில் போட்டேன். ஒரு மாதத்தில் புழு. மூடியைத் திறக்கவே இல்லை, எங்கிருந்து வந்தது?*
— வாசகி, தொண்டி

மாடியில் காயும்போதே பூச்சி முட்டையிட்டுப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் காயவைத்த எந்தப் பழத்தையும் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு முழு நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். பையைத் திறக்காமலே வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த பழத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு, ஒரு வாரம் தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். உள்பக்கம் பனி மாதிரி நீர் பூத்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், மறுபடி மாடிக்கு. பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதில் சின்னதாக நாலு வையுங்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் காற்று உள்ளே போகிறதே.

*மாமியாருக்குச் சர்க்கரை நோய். வெள்ளைச் சர்க்கரை சேர்க்காமல் செய்த உலர் பழம் கொடுக்கலாம்தானே?*
— வாசகி, ராமநாதபுரம்

தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன். சுமார் நாலு கிலோ திராட்சை காய்ந்தால்தான் ஒரு கிலோ கிஸ்மிஸ். போனது தண்ணீர் மட்டும், சர்க்கரை அத்தனையும் உள்ளேயே இருக்கிறது. ஒரு கைப்பிடி கிஸ்மிஸ் தின்றால் நாலு கைப்பிடி திராட்சை தின்ற கணக்கு, ஆனால் வயிறு நிறைந்த மாதிரியே தெரியாது. மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, அந்த அளவை மட்டும் தட்டில் எடுத்து வைத்துக் கொடுங்கள், பாட்டிலை அவர் பக்கத்தில் வைக்காதீர்கள். நெல்லிக்காயை உப்பும் மிளகும் போட்டுக் காயவைத்து ஒரு டப்பா தனியாக வைத்திருங்கள், எதையாவது மெல்ல வேண்டும் என்று அவர் கேட்கும்போது அதை நீட்டலாம்.