பேட்டரி ஏன் செத்தது, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 32. கெமாமான் துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய் நங்கூரம் இழுக்கும் ஆங்கர் ஹேண்ட்லிங் கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியாக இருக்கிறேன். எட்டு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. வேலை நிரந்தரமில்லை. வெளிநாடு ஓடும் பெரிய சரக்குக் கப்பலுக்கு மாற ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஆறு மாத காண்ட்ராக்ட். ஏஜெண்ட் 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். அப்பாவுக்கு ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். வாரம் மூன்று முறை மனைவிதான் மோட்டாரில் அழைத்துப் போகிறாள், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் நான் இல்லாவிட்டால் வீட்டில் எதுவும் சரியாக நடப்பதில்லை. காரை உறை போட்டு நிறுத்திவிட்டுப் போகிறேன். ஒவ்வொரு முறை வரும்போதும் பேட்டரி செத்துக் கிடக்கிறது. மனைவிக்குக் கார் ஓட்டப் பயம். கப்பல் மாறுவதைப் பற்றிக் கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். போகலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் டயாலிசிஸுக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் கீழே பேட்டரி. இரண்டையும் நீங்களே எழுதிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே.

பேட்டரி ஏன் செத்தது? எட்டு வாரமாக அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. உறை போட்டு வாசலில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு மோட்டாரை வெளியே தள்ளி, உங்கள் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வாரம் மூன்று நாள் ஒரு பெண் போய்வருகிறார். வீட்டில் எதுவும் சரியாக நடப்பதில்லை என்று அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் என் அண்ணனோடு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு எழுந்தால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். என் அண்ணன் கதவுவரை வருவார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ‘கொஞ்சம் இரு’ என்பார். ஊசி ஏறிய கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அந்தக் கையை அழுத்தக் கூடாது, அதில் பாரம் தூக்கக் கூடாது என்று தாதி ஒவ்வொரு தடவையும் சொல்வார். உங்கள் அப்பா அந்தக் கையோடு கப்சாய் மோட்டாரின் பின்சீட்டில் ஏறுகிறார். மருமகளின் தோளைப் பிடிக்க அந்தத் தலைமுறை ஆளுக்குக் கூச்சமாக இருக்கும். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைத்தான் பிடித்திருப்பார். பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி உரசிக்கொண்டு போகும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் இருக்கிற ஒரு மழைக்கோட்டை யார் போட்டுக்கொள்வார்கள்? பதில் உங்களுக்கே தெரியும்.

இந்தப் பிள்ளைக்குத்தான் கார் ஓட்டப் பயம் என்கிறீர்கள்! தலை சுற்றுகிற மனிதரைப் பின்னால் உட்காரவைத்து லாரிச் சாலையில் மோட்டார் ஓட்டுகிறவருக்குக் காரில் என்ன பயம்? கார் லைசென்ஸ் எடுக்க யாரும் அழைத்துப் போகவில்லை, அவ்வளவுதான். அல்லது உங்கள் காரைத் தொடப் பயம். ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் கேட்க மாட்டேன், நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு வாரம், நான்கு வாரம் என்று வைத்தால் இந்த ஒன்றரை வருடத்தில் ஆறு தடவையாவது விடுப்பில் வந்திருப்பீர்கள். ஆறு தடவையும் பேட்டரிக்கு உயிர் கொடுத்தீர்கள். ஒரு தடவைகூட அவரை டிரைவிங் ஸ்கூல் வாசலில் இறக்கிவிடவில்லை. இப்போது ஆறு மாதம் போகலாமா என்று கேட்கிறீர்கள். ஆறு மாதத்தில் 78 டயாலிசிஸ் வரும். போக வர 156 மோட்டார் சவாரி.

மாமனாரைப் பார்ப்பது மருமகளின் கடமை என்று நம் வீடுகளில் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அது முதலில் பெற்ற மகனின் கடமை. கடலில் இருப்பதால் அதை உங்கள் இடத்தில் நின்று உங்கள் மனைவி செய்கிறார். செய்கிறவர் கையில் அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போகிற பொறுப்பாவது உங்களுக்கு இருக்க வேண்டாமா? கப்பலில் உங்களிடம் வாட்சை, அதாவது கப்பலைக் கவனிக்கும் முறையை, ஒப்படைக்கிறவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போனால் விடுவீர்களா?

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். மாற நினைப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 2014இன் நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனபோது, உங்களுடையதைப் போன்ற சப்ளை கப்பல்களை வேலையில்லாமல் கட்டிப்போட்டார்கள். வேலை போன எத்தனையோ பிள்ளைகளின் வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஒரே தொழிலை நம்பி இருக்க வேண்டாம் என்று நீங்கள் யோசிப்பது நியாயம்தான்.

ஆனால் முதலில் உங்கள் சிஓசியை, அதாவது தகுதிச் சான்றிதழை, எடுத்து வைத்துப் படியுங்கள். கரையோரப் பயணத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கிறதா? 500 ஜிடி, 3,000 ஜிடி என்று கப்பலின் அளவுக்கு ஏதாவது வரம்பு இருக்கிறதா? கரையோரம் மட்டும் என்றால் அந்தக் காகிதத்தை வைத்து வெளிநாடு ஓடும் பெரிய கப்பலில் வாட்ச் அதிகாரியாக நிற்க முடியாது. மாற்றிக்கொள்ள எவ்வளவு கடல் சேவை, என்ன படிப்பு வேண்டும் என்று கடல்துறை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வரம்பில்லாத சிஓசியாகவே இருந்தாலும், சப்ளை கப்பல் அனுபவத்தைப் பெரிய கப்பல்காரர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரு படி கீழே, தேர்ட் மேட்டாக இறங்கி வா என்று சொல்லலாம். நீங்கள் நங்கூரம் இழுக்கவும், பிளாட்ஃபாரத்துக்குப் பக்கத்தில் அலையில் கப்பலை அசையாமல் நிறுத்தவும் பழகியவர். அங்கே சரக்கு ஏற்றும் கணக்கு, கப்பலைச் சமநிலையில் வைக்கும் பேலஸ்ட் நீர், நாலு மணி நேர வாட்ச், மறுபடி நாலு மணி நேர வாட்ச். டிபி, அதாவது கப்பலைக் கணினியால் ஒரே இடத்தில் நிறுத்தும் முறைக்கான சான்றிதழ் வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. டிபி கப்பலில் இருந்த நாட்களைக் காட்டாவிட்டால் கஷ்டப்பட்டு வாங்கியது கையை விட்டுப் போகும்.

அந்த 6,000 வெள்ளியை ஏஜெண்டுக்குக் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டுக் கடல்தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 2013இல் ஏற்றுக்கொண்டது. வேலை தேடிக் கொடுத்ததற்கு மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம் இவற்றுக்கான செலவு உங்களுடையது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாகக் கேட்கிறவர் கப்பலையும் காட்டப் போவதில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

ஆறு மாதம் என்றால் என்ன என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கெமாமானிலிருந்து அவசரம் என்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகிற கப்பலில் நடுக்கடலில் இருந்தால்? அது சுமார் 40 நாள் ஓட்டம். தந்தி வந்ததும் ஊருக்கு ஓடி வந்த காலத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கலாம், அவ்வளவுதான். காண்ட்ராக்டில் எழுதிய தேதியும் நீளலாம். 2020இல் கோவிட் சமயத்தில் நாலு லட்சம் மாலுமிகள் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். உங்கள் அப்பா பேசுகிறவராக இருந்தால் இதைத்தான் கேட்பார். அவரிடம் நீங்கள் போய் உட்காருங்கள், ஒரு நாள் டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரமும் உட்காருங்கள்.

‘உங்க இஷ்டம்’ என்று மனைவி சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்த பெண்கள்தான் அப்படிச் சொல்வார்கள். என் அம்மா பால்மரக் காட்டில் முப்பது வருடம் அப்பாவிடம் அதையே சொன்னார்.

ஆகவே இந்த வருடம் பெரிய கப்பல் வேண்டாம். அடுத்த விடுப்பில் முதல் வேலையாக மனைவியை டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள். ஏஜெண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகாது. அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லையென்றால் திறங்கள். சம்பளத்தில் ஒரு பங்கை நேராகக் குடும்பத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை அதே உடன்படிக்கையில் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் ஏடிஎம் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டுப் போவது போதாது. நீங்கள் இல்லாத எட்டு வாரம் மனைவி உங்கள் அப்பாவைக் காரில் அழைத்துப் போய்வரட்டும். அதற்கு அப்புறம் சிஓசி, ஏஜெண்ட், எல்லாம் பேசலாம்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் டயாலிசிஸ் நாளில் நீங்கள் வீட்டில் இருந்தால், அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். வழியில் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.