அந்த நோட்டில் இருக்கும் மணிக்கணக்கு

கேள்வி: என் அம்மா 34 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம், 69 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். சில வாரங்களாக நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியதும், முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே வலித்ததும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஊராருக்கெல்லாம் வைத்தியம் சொன்னவர், பெற்ற பிள்ளைகளிடம் தன் நோயை மறைத்துவிட்டார். அலமாரியை ஒழித்தபோது ஒரு மருந்துச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. பக்கம் பக்கமாக மணியும் ‘இடது, வலது, மல்லாந்து’ என்றும் எழுதிய பழைய டூட்டி நோட்டு ஒன்றுதான் இருந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை அண்ணன் வீட்டுக்கு மாற்றிவிட்டோம். அம்மாவை மன்னிக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த நோட்டை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி நோட்டு என்றால் பல பேர் பெயரும் படுக்கை எண்ணும் இருக்கும். இது ஒரே ஒருவருக்காக எழுதியது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைப்பது நர்ஸ்களின் பழக்கம். படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயின் மேல் இல்லை, பராமரிப்பின் மேல்தான் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். உங்கள் அம்மா அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்.

இரவு இரண்டு மணி, நாலு மணிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடைசித் தேதியையும் பாருங்கள்.

ஆஸ்பத்திரி நைட் டூட்டியில் காலையில் பொறுப்பேற்க ஒருவர் வருவார். வீட்டில் யார் வந்தார்கள்? புற்றுநோய் ஆய்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்பு, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007-ல் சேர்த்தது. தூக்கம் கெடுவதை உலகம் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் ‘அம்மா நர்ஸ்தானே, பார்த்துக்கொள்வார்.’ வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால் மற்ற அத்தனை பேருக்கும் கை விழுந்துவிடுகிறது. இதே கதையை எத்தனை கடிதங்களில் படித்துவிட்டேன்!

மறைத்தார் என்கிறீர்கள். கேட்டீர்களா? பெண்களுக்கு இதய நோய் எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மூச்சுத் திணறல், அசதி, முதுகு வலி, தாடை வலி என்றும் வரும். காலமெல்லாம் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியவருக்கு முதுகு வலி புதிதா? அதுதான் என்று அவரே நினைத்திருக்கலாம். ‘அம்மா, இன்றைக்கு ராத்திரி அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு’ என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தது பெற்ற மகளுக்குத் தெரியவில்லை என்றால், அதில் வெட்கப்பட வேண்டியது யார்?

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அப்பாவுக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி. அதுவும் பீரோவை இடம் மாற்றிய மாதிரி. அம்மா போன அந்த இரவு, விடியும்வரை அவரை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தீர்களா? மனைவியை இழந்தவர் அவர். அவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா?

மன்னிப்பது பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அப்பாவின் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்னந்தலை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இழுத்துப் புரட்டக் கூடாது. அடியில் விரித்த துணியோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்த வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

இரவுகளை அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அண்ணி தலையில் கட்டிவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கூலிக்கு ஆள் வைத்தாலும் தப்பில்லை. அந்த ஆளுக்கும் லீவு நாள் உண்டு. அன்றைக்கு யார் விழித்திருப்பது என்பதை இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள்.