நான்கு நாளாகியும் ஒட்டும் ஏரி

கேள்வி: எனக்குத் தருமபுரி. அந்தக் காலத்து மொரப்பூர்–தருமபுரி சின்ன ரயிலை 1:87 அளவில் மாடி அறையில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். தண்டவாளத்தை ஒட்டி ஓர் ஏரி வைக்க ஆன்லைனில் எபாக்சி ரெசின் செட் (ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று இரண்டு திரவம்) வாங்கினேன். அட்டையில் 2:1 என்று இருந்தது. தராசில் ரெசின் 200 கிராம், ஹார்டனர் 100 கிராம் எடைபோட்டுக் கலந்து ஊற்றினேன். நான்கு நாளாகியும் ஏரி முழுக்கப் பிசுபிசுக்கிறது, ஒரு கொசுகூட ஒட்டிச் செத்துக் கிடக்கிறது. விற்றவர், "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். பணம் போனதுதானா?

பதில்: கொசுவை முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் அளவில் அது அரை மீட்டர் நீளப் பிராணி!

சிக்கல் "எடைபோட்டு" என்ற சொல்லில் இருக்கலாம். ரெசின் கனமானது, ஹார்டனர் அதைவிட இலேசானது. 200 மில்லி ரெசின் ஏறக்குறைய 220 கிராம் வரும், 100 மில்லி ஹார்டனர் நூறு கிராமுக்குள் நிற்கும். அதனால் கொள்ளளவுக்குச் சொன்ன 2:1-ஐ எடையில் போட்டால் ஹார்டனர் கூடிப்போகும், இறுகாது. அங்கங்கே மட்டும் ஒட்டினால் கலக்கியது போதவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு முழுக்க ஒட்டுகிறது, ஆகவே விகிதத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

இப்போது அட்டையை எடுத்துப் பாருங்கள். "கொள்ளளவில்" என்று தெளிவாக இருந்தால் தவறு உங்களுடையது, விற்றவரைக் குறை சொல்ல முடியாது. வெறும் 2:1 மட்டும் என்றால் கதை வேறு. பயன்படுத்தும் முறையைச் சரியாகச் சொல்லாமல் விற்பதற்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. திறந்து ஊற்றாமல் ரெசினில் குறை எப்படித் தெரியும்?

அட்டை, பில், ஒட்டும் ஏரி மூன்றையும் படம் எடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் மேல் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் ஒரு செட் ரெசினுக்காக நான் 1915-ஓடு நின்றுகொள்வேன்.

சரி, ஏரிக்கு வருவோம். மேலே இன்னும் ஹார்டனர் ஊற்றிப் பயனில்லை. படமெல்லாம் எடுத்த பிறகு, கூழாக இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியாக அளந்த புதுக் கலவையை மெல்லிசாக ஊற்றுங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு தடவை கலக்குங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசினை நிறையக் கொட்டினால்தான் ஆழம் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆழம் பெயின்ட்டில் இருக்கிறது. நம் பக்கத்து ஏரி நீலம் கிடையாது: கரையோரம் செம்மண் கலங்கல், நடுவில் கருத்த பச்சை. ஏரியின் தரையில் அந்த நிறங்களைத் தீட்டிக் காயவிட்டால் மேலே இரண்டு மூன்று மில்லி மீட்டர் ரெசின் போதும். மொத்தமாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். செலவைக் குறைக்க நினைத்தால் ரெசினே வேண்டாம், பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. சிற்றலைக்கு பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைப் பிரஷ் நுனியால் தட்டித் தட்டி வையுங்கள். வெள்ளைப் பசையைக் கனமாக ஊற்றாதீர்கள், நடுவில் பால் மாதிரி மங்கிவிடும்.

புதிதாக ஊற்றும் முன் ஏரியின் அடியிலும் கரையிலும் ஊசித் துளைகூட இல்லாமல் அடைத்துவிடுங்கள். இருந்தால் ரெசின் இரவோடு இரவாகக் கீழே இறங்கி, வயரிங்கில் சொட்டிக்கொண்டிருக்கும்.