500 கோழி, தினம் 7,500 ரூபாய்: இந்தக் கணக்கு சரிதானா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். வீட்டை ஒட்டி ஒரு மா (சுமார் 33 சென்ட்) திடல் இருக்கிறது, சுற்றிலும் நஞ்சை. அந்தத் திடலில் 500 சிறுவிடைக் கோழிகளை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) மேயவிட்டு முட்டை விற்கலாம் என்று நினைக்கிறேன். முட்டை 15 ரூபாய் என்றால் தினம் 7,500 ரூபாய், செலவெல்லாம் போக மாதம் ஒரு லட்சம் நிற்கும் என்கிறார்கள். கையில் 4 லட்சம் இருக்கிறது. இன்னும் 3 லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். தொழில் வேண்டாம் என்று சொல்லவில்லை. 500-ல் ஆரம்பிக்க வேண்டாம், சிறுவிடையில் ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன்.

தினம் 7,500 ரூபாய் என்றால் 500 கோழியும் நாள் தவறாமல் முட்டையிட வேண்டும். நாமக்கல் கூண்டுப் பண்ணையில் இருக்கும் வெள்ளைக் கோழியே அப்படி இடாது. அது வருடம் 300 சொச்சம். சிறுவிடை வருடத்துக்கு 60 முட்டை இட்டால் நல்ல கோழி. ஒரு ஈடு இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும், அது அதன் குணம். தீனி கொஞ்சம் குறைவாகத் தின்றாலும், 60 முட்டையால் வகுத்தால் தீனிச் செலவு மட்டும் முட்டைக்கு 13 ரூபாய் ஆகிவிடும். சிறுவிடையில் காசு பார்ப்பவர்கள் குஞ்சு பொரித்து விற்றும், கறிக்கு விற்றும்தான் பார்க்கிறார்கள். சாப்பாட்டு முட்டைக்கு அது தோதுப்படாது.

முட்டைக்கென்றே மேய்ச்சலில் வளர்க்க ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற ரகங்கள் உண்டு. வருடம் 160 முட்டை எதிர்பார்க்கலாம். உடைசல், சாவு, கீரியும் மரநாயும் கொண்டுபோவது எல்லாம் கழித்தால் கோழிக்கு 145 முட்டை விற்பனைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். விலைகளை நான் தோராயமாகத்தான் போடுகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

மேய்ச்சல் இருந்தாலும் ஒரு கோழிக்கு நாளைக்கு 90 கிராம் தீவனம் வேண்டும். கிலோ 34 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,117 ரூபாய், அதாவது முட்டைக்கு 7.70. குஞ்சாக வாங்கி முட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர 350 ரூபாய் ஆகும். ஒரு வருடம் கழித்துக் கறிக்கு 200 ரூபாய்க்குத் தள்ளினால் நஷ்டம் 150, முட்டைக்கு ஒரு ரூபாய். மருந்து, கரண்ட், முட்டை அட்டை, பெட்ரோலுக்கு ஒரு ரூபாய். கொட்டகைக்கும் வேலிக்கும் போட்ட பணத்தை பத்து வருடத்துக்குப் பிரித்தால் சுமார் 80 பைசா. ஆக, முட்டையின் அடக்கம் பத்தரை ரூபாய். உங்கள் கூலி இதில் ஒரு பைசாகூட இல்லை.

இப்போது யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். வியாபாரி வீட்டுக்கே வந்து 10 ரூபாய்க்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறார் என்றால் முட்டைக்கு 50 பைசா கைநஷ்டம். 500 கோழிக்கு வருடத்தில் 36,000 ரூபாய் போகும். அதே முட்டையை 100 கோழியோடு நிறுத்தி, மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் வீடுகளுக்கு நேராக 15 ரூபாய்க்குக் கொடுத்தால் வருடத்துக்கு 65,000 ரூபாய் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு கோழி, லாபம் இந்தப் பக்கம். 100 கோழிக்கு ஒரு நாளைக்கு 40 முட்டை. வாரம் ஒரு டஜன் வாங்கும் 25 குடும்பங்கள் போதும். 500 கோழிக்கு அப்படி 120 குடும்பங்கள் வேண்டும். அந்த 120 வீடுகளின் பட்டியல் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா? குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் முதல் 25 பெயரையாவது எழுதிப் பாருங்கள்.

வாடிக்கை பிடித்தாலும் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடாது. புரட்டாசியில் பாதி வீடுகளில் முட்டை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள் வேறு. கோழி அதற்காகத் தின்பதை நிறுத்தாது. 500 கோழி என்றால் 45 கிலோ தீவனம், நாளைக்கு 1,530 ரூபாய், முட்டை விற்றாலும் விற்காவிட்டாலும்.

அப்புறம் ஐப்பசி மழை. நம்ம ஊர் களிமண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேய்ந்துவிட்டுச் சேற்றுக் காலோடு கோழி முட்டைப்பெட்டிக்குள் ஏறும். காலையில் எடுத்தால் பாதி முட்டை மண் அப்பிக் கிடக்கும். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சும் போய்விடும், சீக்கிரம் கெடும். மண்ணோடு கொடுத்தால் மன்னார்குடி அம்மா அடுத்த வாரம் வேண்டாம் என்பார். கொட்டகையின் தரையை இரண்டடி உயர்த்துங்கள், வாசலில் ஆற்று மணல் கொட்டுங்கள், பெட்டியில் உமியை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். உமியாவது நம் பக்கம் மலிவு. ஈரக் கொட்டகையில்தான் ரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி தவறினால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். அதற்குக் கால்நடை மருந்தகத்தைப் பிடித்துவையுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வேலிச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். நாய், கீரிக்கு மட்டும் சொல்லவில்லை. சுற்றி நஞ்சை என்கிறீர்கள். குறுவையிலோ சம்பாவிலோ பக்கத்து வயலில் குருணைப் பூச்சிமருந்து போட்டால், கோழி அதைத் தானியம் என்று கொத்திவிடும். அன்றைக்குச் சாயங்காலமே செத்துக்கிடக்கும். பங்காளியோடு சண்டை போட்டு அந்தப் பணம் திரும்பி வராது.

இடமும் பற்றாது. ஐரோப்பாவில் திறந்தவெளி முட்டை என்று பெட்டியில் அச்சடிக்க ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் மேய்ச்சல் நிலம் காட்ட வேண்டும். உங்கள் ஒரு மா சுமார் 1,340 சதுர மீட்டர். 330 கோழிக்கு மேல் அந்தக் கணக்கிலேயே நிற்காது. 500-ஐ விட்டால் மூன்று மாதத்தில் புல் போய் வெறும் கட்டாந்தரை. நூறு கோழி விட்டு, திடலை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டால் பச்சை தங்கும், மஞ்சள் கருவின் நிறமும் தங்கும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் 15 ரூபாய் கொடுக்கிறார்கள்.

சொந்த நெல் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். நொய், தவிடு, கருக்காய் ஆகியவற்றைத் தீவனத்தில் கால் பங்கு வரை கலக்கலாம், அடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு மேல் குறையும். அதற்கு மேல் போனால் புரதம் குறைந்து முட்டை விழும். முட்டை ஓடு கெட்டியாக, கிளிஞ்சல் தூளைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

குஞ்சு வாங்கும்போது ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: பெட்டை, சேவல் பிரித்ததா, கலப்பா? கலப்பாகக் கொடுத்தால் பாதி சேவல். 100 பெட்டை வேண்டும் என்றால் 200 குஞ்சுக்கு மேல் எடுக்க வேண்டும், ஐந்து மாதம் அத்தனைக்கும் தீனி. தையில் குஞ்சு விட்டால் ஆடிக்குள் சேவல்கள் கறிக்குத் தயாராகும். நல்ல விலை கிடைக்கும் மாதம் அது, தீனிச் செலவில் ஒரு பங்கை அதிலேயே எடுக்கலாம். பெட்டைகளும் அந்தச் சமயத்தில்தான் முட்டைக்கு வரும். புரட்டாசி வருவதற்குள் வாடிக்கை சேர்க்க உங்களுக்கு இரண்டு மாதம் கிடைக்கும்.

"குஞ்சு நாங்கள் தருகிறோம், முட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.

பணத்துக்கு வருவோம். 100 கோழிக்குக் கொட்டகை 60,000, வேலி 50,000, சேவலையும் சேர்த்து வளர்ப்புச் செலவு 60,000 என்று 1.70 லட்சத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத் தீவனப் பணம் 60,000-ஐத் தனிக் கணக்கில் வையுங்கள். மீதியை வங்கி வைப்பில் போட்டுவிட்டுத் தொடாதீர்கள். நடைமுறைச் செலவுக்குக் கடன் தேவைப்பட்டால் நகையைவிடக் கால்நடை வளர்ப்புக்கான கிசான் கடன் அட்டை மேல்: 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். 250 கோழிப் பண்ணைக்கு மாநில அரசு பாதி மானியம் தரும் திட்டம் அறிவித்தால் விண்ணப்பிக்கலாம்; அது வரும் என்று நம்பி கொட்டகை போடாதீர்கள்.

இன்னொன்று, கோழிப்பண்ணை வருமானத்தை நெல் வருமானத்தோடு சேர்த்து விவசாய வருமானம் என்று காட்ட முடியாது. அது தொழில் வருமானம், வரிக் கணக்கில் வரும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு முட்டை, தீவனம், விற்ற விலை மூன்றையும் எழுதுங்கள். ஒரு வருட நோட்டைப் பார்த்து, நேர் விற்பனையில் முட்டைக்கு 4 ரூபாய் நிற்கிறது, புரட்டாசியைத் தாண்டியும் வாடிக்கை கலையவில்லை என்றால் 200-க்குப் போகலாம்.