மாமியாரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 4 வயது மகன், 68 வயது மாமியார். செந்தோசா தீவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறார் டிராவல் ஏஜென்ட். பகல் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ், சாயங்காலம் ஒரு மணி நேரம் மீன் காட்சியகம், இரவு ஒளிக் காட்சி. மாமியாருக்கு முட்டி வலி என்பதால் அவர் ரூமிலேயே இருக்கட்டும் என்கிறார் கணவர். மீன்களை அடைத்து வைத்துக் காசு பார்ப்பது பாவம், நான் வரமாட்டேன் என்கிறாள் மகள். மகனுக்கு இருட்டும் பயம், சுறாவும் பயம். முன்பு போய்வந்த என் மாமா, "உள்ளே பாதையே நகரும், நடக்கவே வேண்டாம்" என்றார். அது உண்மையா? இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுவது? மாமியார் நாகப்பட்டினத்துக்காரர். வீட்டுக்கு மீன் வாங்குவது இன்றும் அவர்தான்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கடைசியாக ஒட்டவைத்த வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாகப்பட்டினத்தில் பிறந்து, இத்தனை வருடம் மீன் பார்த்து வாங்கிய ஒருவரை ஹோட்டல் அறையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் மீன் பார்க்கப் போவதா? வேண்டாம். முட்டி வலிக்கு வழி இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் உங்கள் குடும்பத்தில் அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.

முதலில் மாமா சொன்ன நகரும் பாதை. செந்தோசாவில் 1991-இல் திறந்த அண்டர்வாட்டர் வேர்ல்டு என்ற காட்சியகத்தில் அது இருந்தது. கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நின்றுகொண்டே போகலாம். அந்த இடத்தை 2016-இல் மூடிவிட்டார்கள். இப்போது நீங்கள் போகப்போவது ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தில் இருக்கும் சிங்கப்பூர் ஓஷனேரியம். 2012 முதல் எஸ்.ஈ.ஏ. அக்வேரியம் என்ற பெயரில் இயங்கியதைத்தான் மூன்று மடங்கு பெரிதாக்கி, 2025 ஜூலையில் இந்தப் பெயரில் திறந்தார்கள். உங்கள் ஏஜென்ட் தாளில் பழைய பெயர் இருந்தால், அந்தத் திட்டமே பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே 22 பகுதிகள். ஒரு மணி நேரத்தில் அதைப் பார்க்க முடியாது, ஓடத்தான் முடியும். அதுவும் பகல் முழுக்க வெயிலில் சுற்றிய 4 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு, சாயங்காலத்தில். அந்தத் திட்டத்தை அப்படியே கைவிடுங்கள்.

காட்சியகத்துக்கென்று ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வேண்டுமென்றால் அது வேறொரு நாள். அன்றைக்கு மாமியார் நிஜமாகவே ஓய்வெடுக்கலாம், அதில் அவருக்கும் வருத்தம் இருக்காது.

மே மாதம் என்பது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கோ பள்ளி நடக்கும் காலம். அவர்களுடைய நடு ஆண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்கப் போகும். அதனால் மே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மே தினமும் விசாக தினமும் அங்கே அரசு விடுமுறை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, அந்த மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது சிங்கப்பூரில் வழக்கம். மழை வந்தால் வெளியே சுற்றுகிறவர்கள் எல்லாம் கூரை தேடி வருவார்கள். காலையில் போனால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள்.

லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் போக்குவரத்து சுலபம். அங்கிருந்து ஊதா நிற எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) வண்டியில் ஏறினால் வழியில் மாறவே வேண்டாம், கடைசி நிறுத்தமான ஹார்பர்ஃப்ரன்டில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டியே விவோசிட்டி என்ற பெரிய கடைவளாகம். அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயிலில் ஏறி, முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். கடல்மேல் போட்ட நடைபாதையும் ஒன்று உண்டு, அழகாக இருக்கும். ஆனால் உள்ளே நடக்க வேண்டிய கால்களை வெளியிலேயே களைப்பாக்க வேண்டாம்.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள். "எனக்கு அதெல்லாம் வேண்டாம், நான் என்ன நோயாளியா" என்று அவர் மறுப்பார், நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருமே மறுப்பார்கள். கொஞ்ச தூரம் நடக்கட்டும், வலித்தால் உட்காரட்டும், நடுவில் பையன்கூட அவர் மடியில் ஏறிக்கொள்ளட்டும். இப்படிச் சொன்னால் சம்மதிப்பார். நாற்காலிக்கு மின்னஞ்சலில் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே ஏசி குளிர் அதிகம், அவருக்கு ஒரு சால்வை அவசியம்.

சரி, மகள் விஷயம். 12 வயதில் ஒரு பெண் இப்படி யோசிக்கிறாள் என்றால் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரிய உயிர்களைத் தொட்டிக்குள் வைப்பது பற்றி உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. இதே வளாகத்தில் திமிங்கிலச் சுறாக்களைக் கொண்டுவந்து வைப்பதாக முதலில் திட்டம் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் 2009-இல் அதைக் கைவிட்டார்கள். உங்கள் மகளைப் போலக் கேட்டவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. இதை அவளிடம் சொல்லுங்கள்.

கூடவே மறுபக்கத்தையும் சொல்லுங்கள். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் ஜீப்ரா சுறா கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. பல நாட்டுக் காட்சியகங்கள் கைகோத்து, தங்கள் தொட்டிகளில் சுறாக்கள் இட்ட முட்டைகளை விமானத்தில் அங்கே அனுப்பி, குஞ்சு பொரித்ததும் வளர்த்து, 2023-இலிருந்து கடலில் விட்டு வருகின்றன. தொட்டியில் வளர்ந்த தாயின் குட்டி கடலுக்குப் போகிறது. இதனால் அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அடைத்து வைத்ததால் ஒரு மீனுக்கு என்ன நஷ்டம் என்பதை அவள் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். எந்த மீன் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, எது ஒளிந்துகொள்கிறது, எது இரை தேடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். "பேசாம வா" என்று இழுத்துப் போகாதீர்கள்.

அவளையும் பாட்டியையும் ஜோடி சேர்த்துவிடுங்கள். இதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். பாட்டிக்குப் பாரை தெரியும், களவா தெரியும், சங்கரா தெரியும், திருக்கை தெரியும். கண்ணைப் பார்த்தே எது புதுசு, எது ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவில் புட்டு செய்து கொடுத்த கைகளாகவும் இருக்கலாம் அவை. ஆனால் திருக்கை நீந்துவதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்? கரைக்கு வந்த பிறகுதானே அது கடைக்கு வருகிறது. பேத்திக்கோ செல்போன் திரையில் பார்த்த மீன்கள்தான் தெரியும். அவள் பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயரைப் படிக்கட்டும், பாட்டி ஊர்ப் பெயரைச் சொல்லட்டும். இரண்டையும் நோட்டில் எழுதட்டும். ஆக்டோபஸைப் பார்த்ததும் 'பேய்க்கணவாய்' என்று பாட்டி சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

பேச்சு தானாக வேறு இடத்துக்கும் போகும். கடல் அட்டையையும் கடல்குதிரையையும் நம் நாட்டில் 2001-இலிருந்து பிடிக்கக் கூடாது, திமிங்கிலச் சுறாவையும்தான். பாட்டிக்கு அதற்கு முந்தைய காலம் நினைவிருக்கும். இன்று உலகத்தில் இருக்கும் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன, முக்கியக் காரணம் அளவுக்கு மீறிப் பிடிப்பது. வீட்டில் மீன் சாப்பிடுகிறோம், இங்கே வந்து அடைத்து வைத்தது பாவம் என்கிறோமே என்று பேத்தியே யோசிக்கலாம். முன்பெல்லாம் இந்தப் பருவத்தில் எவ்வளவு பெரிய மீன் வரும், இப்போது ஏன் வருவதில்லை என்று பாட்டி சொல்லலாம். அந்தப் பேச்சில் நீங்கள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பையனுக்கு வருவோம். இருட்டு பயம் என்பதால் உள்ளே நுழைந்ததும் ஜெல்லி மீன்களிடம் கூட்டிப் போங்கள். நம் கரையில் சொறி என்பார்களே, அவைதான். வெளிச்சம் போட்ட தொட்டி, மெதுவான அசைவு, பல் இல்லை, கண் உருட்டல் இல்லை. குழந்தைக்கு அங்கே பயம் வராது. அந்தத் தொட்டி ஏன் வட்டமாக இருக்கிறது என்று பெரியவளைக் கேளுங்கள். ஜெல்லி மீனுக்கு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் பலம் கிடையாது. மூலை இருந்தால் அதில் போய் ஒதுங்கி, சிக்கி, உடல் கிழிந்துவிடும். அதனால் வட்டத் தொட்டியில் தண்ணீரை மெல்லச் சுழலவிட்டு மிதக்க வைக்கிறார்கள்.

சுறாவைக் கடைசிக்கு வையுங்கள். ஓப்பன் ஓஷன் என்ற பெரிய தொட்டியின் முகப்பு 36 மீட்டர் அகலம், உயரம் 8 மீட்டருக்கு மேல். அதன் முன்னால் போய் நின்றவுடன் பையன் உங்கள் தோளில் முகம் புதைக்கலாம். வற்புறுத்தாதீர்கள். தூரத்தில், பின்னால் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் சுறாவைவிட மீன் கூட்டம்தான் முதலில் கண்ணில் படும். பத்து நிமிடத்தில் அவனே இறங்கி நாலு அடி முன்னால் போவான். இன்னொரு விஷயத்தையும் அவனிடம் சொல்லலாம். தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது மீன் நிஜ அளவைவிட மூன்றில் ஒரு பங்கு வரை பெரிதாகவும், அருகில் இருப்பது போலவும் தெரியும். ஒளி விலகல்தான் காரணம். "அது பார்க்கத்தான் பெரிசு" என்று நீங்கள் சொன்னால் அது பொய்யே இல்லை.

அந்தத் தொட்டி முன்னால் குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். மற்ற பகுதிகளில் பாதியைப் பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று நடக்கிற குடும்பங்கள் கடைசியில் சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருகின்றன. மாண்டா திருக்கை கண்ணில் பட்டால், முகத்தின் இரு பக்கமும் கொம்பு போல நீண்டிருக்கும் மடல்களைப் பாட்டிக்குக் காட்டுங்கள். அதற்குக் கொட்டும் முள் கிடையாது. வாயைத் திறந்துகொண்டு நீந்தி, தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். முள் இல்லாத திருக்கையா என்று அவர் நிச்சயம் கேட்பார்.

சில சின்ன விஷயங்கள். உணவு கொடுக்கும் நேரம் அன்றன்றைக்கு மாறும் என்பதால் நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தால் ஃபிளாஷ் இல்லாமலே படம் நன்றாக வரும், பிரதிபலிப்பும் விழாது. பையனுக்கு மஞ்சள் மாதிரி பளிச்சென்ற சட்டை போடுங்கள், உங்கள் சிங்கப்பூர் செல்போன் எண்ணை எழுதி அவன் பையில் வையுங்கள். இருட்டில் 4 வயதுக் குழந்தை கையை விட்டு நழுவ ஒரு நொடி போதும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஐந்து பேருக்கு டிக்கெட் செலவு யோசிக்க வைக்கும் தொகைதான். கையைக் கடிக்கிறது என்றால் இதைத் தவிர்த்துவிட்டு, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019-இல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டத்துக்கு இன்னொரு சமயம் போகலாம். நடந்து போகும் கண்ணாடிச் சுரங்கம் அங்கேயும் உண்டு, பையன் வயதுக்கு அதுவே போதும். ஆனால் மகளுக்கும் மாமியாருக்கும் அந்த 36 மீட்டர் தொட்டியைக் காட்ட வழியிருந்தால் காட்டுங்கள் என்பது என் எண்ணம்.

மதியத்துக்குள் வெளியே வந்துவிடுவீர்கள். எல்லாருக்கும் பசி எடுத்திருக்கும். அங்கேயே தேடி அலைய வேண்டாம், வந்த வழியே லிட்டில் இந்தியா திரும்பிவிட்டால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. செந்தோசா எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது கட்டணமும் கிடையாது.