கட்சி ஆதரவாளரைத் ‘தொண்டர்’ என்பது ஏன்?

தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தன்மை, பணிவிடை என்னும் இரு பொருள்களும் உண்டு. அதன்வழி, தொண்டர் என்பவர் தம்மை ஒருவருக்கு முழுமையாக ஒப்படைத்துப் பணி செய்பவர் ஆகிறார். பக்தி இலக்கியத்தில் இச்சொல் இறையடியாரைக் குறித்தது. சுந்தரர் சிவனடியாரைப் போற்றிப் பாடிய பதிகத்தின் பெயர் திருத்தொண்டத்தொகை. அவர்களின் வரலாற்றை விரித்துரைக்கும் பெரியபுராணத்துக்கு ஆசிரியர் சேக்கிழார் இட்ட பெயரும் திருத்தொண்டர் புராணமே. வைணவத்திலோ, அடியாரின் காலடித் தூசி எனத் தம்மைத் தாழ்த்திக்கொண்ட ஆழ்வார் தொண்டரடிப்பொடி எனப்பட்டார். இச்சொல்லின் உட்பொருளை இதைவிட அழகாக உணர்த்தும் பெயர் வேறில்லை என்பேன்.

விடுதலைப் போராட்டக் காலத்தில், 1930ஆம் ஆண்டு இராஜாஜியுடன் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களைப் போல ஊதியமின்றி உழைத்தவர்களும் தொண்டர்கள் எனப்பட்டனர். பின்னர் அதுவே கட்சிகளின் அடிமட்ட உறுப்பினருக்கும் வழங்கலாயிற்று. ஆதரவாளர் கருத்தளவில் துணைநிற்பவராகவும் இருக்கலாம். தொண்டரோ உடலுழைப்பையும் தருபவர்.